வராத பூதம்

பூதம் வந்துவிட்டதாகத் திரை சொன்னது. திரையில் பூதத்தைக் காணோம்.

அவள் அழைக்கும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். திரையிலிருந்த கறுப்பு அங்கிக்காரி கையை உயர்த்தினாள், தரையில் சிவப்பு வட்டம் விரிந்தது, புகை எழுந்தது, ‘பூதம் உன் பக்கத்தில் நிற்கிறது’ என்று எழுத்து மின்னியது. வட்டத்துக்குள் ஈ காக்கை இல்லை.

வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாவது நிம்மதியாக விளையாடலாம் என்று உட்கார்ந்தால் இந்தக் கூத்து. டீமில் அவள் பூதக்காரி. கையில் கத்தி கிடையாது, வில் கிடையாது. பூதத்தை அழைத்து எதிரி மேல் ஏவுவதுதான் வேலை. அது அடித்தால்தான் அவள் அடித்ததாகக் கணக்கு. பூதம் வராத பூதக்காரியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? யார் எவ்வளவு அடித்தார்கள் என்று காட்டும் டேமேஜ் பட்டியலில் இன்றைக்கும் கடைசி என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கேப்டன் போன வாரமே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான். முகமே தெரியாத ஒருவன் சொன்னதற்கு இத்தனை வலிக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுபடி அழுத்தினாள். லிஃப்ட் வராத எரிச்சலில் பொத்தானைக் குத்துகிறவர்களைப் போல, விரல் நோகும்வரை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் வட்டம், புகை, ‘பக்கத்தில் நிற்கிறது’.

“எங்கடா நிக்குது?” என்று பல்லைக் கடித்தாள்.

நடைக்கு அந்தப் பக்கத்து அறையில் தம்பி இருந்தான். அதே டீமில் அவன் ஹீலர். அடிபட்டவர்களுக்கு உயிரை நிரப்புகிறவன். பூதத்துக்குத் தீனி வேண்டும். டீமில் ஒருவரை இரையென்று குறித்துவிட்டால், அவர் உயிரை உறிஞ்ச உறிஞ்ச அது பலமாக அடிக்கும். எல்லாப் பூதக்காரர்களும் ஹீலரைத்தான் குறிப்பார்கள், ஏனென்றால் அவர் தன்னைத் தானே நிரப்பிக்கொள்வார். அவளும் தம்பியைத்தான் குறித்திருந்தாள். சண்டை முடியும்வரை அதை மாற்ற முடியாது. இத்தனை நாளில் அதைப் பற்றி அவள் இரண்டாம் முறை யோசித்ததே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. விளக்குப் போட எழுந்தால் அந்த நேரமும் வீண் என்று அவள் எழுந்திருக்கவில்லை. எங்கிருந்தோ முடி கருகும் வாடை வந்தது. கம்ப்யூட்டர்தான் சூடாகிவிட்டது போலும், அதற்கும் ஒரு செலவு என்று சலித்துக்கொண்டாள். நடையில் ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போன்ற ஓசை மெல்லக் கேட்டு, நின்று, இன்னும் சற்றுத் தள்ளி மறுபடி கேட்டு, தம்பியின் அறைப் பக்கம் போய் அடங்கியது.

ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்த ஹெட்போனில் தம்பியின் குரல் வந்தது. “அக்கா, கதவத் தட்டிட்டு ஏன் சும்மா நிக்கற?”

“நான் எழுந்திருக்கவே இல்லடா. விளையாட்டப் பாரு.”

அப்போதுதான் எண்கள் ஏறத் தொடங்கின. பட்டியலின் அடியில் கிடந்த அவள் பெயர் ஒரு படி மேலே வந்தது, இன்னொரு படி, பிறகு மளமளவென்று. திரையில் இன்னமும் பூதம் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! கேப்டன் சபாஷ் போட்டான், இப்படியே போகச் சொன்னான். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. நல்ல அடி விழுகிறதே, தம்பியின் உயிர் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பார்த்தாள்.

இறங்கவே இல்லை. அவன் உயிர்ப்பட்டை நிரம்பி, பச்சையாக, அசையாமல் இருந்தது.

அப்படியானால் அது எதைத் தின்கிறது?

“அக்கா,” என்றான் தம்பி. குரல் நைந்திருந்தது. “குளுருதுக்கா.”

அவள் ஓடினாள். அவன் அறைக்கதவு தாழிடப்படவில்லை. ஆனாலும் திறக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று கதவின் மேல் சாய்ந்திருந்தது. கனமாக. வெதுவெதுப்பாக. பலகைக்குப் பின்னால் நிதானமாக உறிஞ்சும் சத்தம். தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை.

பூதத்தைத் திருப்பி அனுப்ப ஒரு பொத்தான் உண்டு. பூதம் கண்ணில் பட வேண்டும், திரையின் அடியில் ஓடும் பட்டை நிரம்பும்வரை கண்ணை எடுக்காமல் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை. சண்டை முடிந்தால் அப்படியே அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அவளும் அப்படித்தான்.

கண்ணில் பட வேண்டுமானால் அது இங்கே வர வேண்டும். அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். ‘பக்கத்தில் வா’ என்ற பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

அழுத்தினாள்.

தம்பியின் கதவு திறந்தது. ஈரத்துணி ஓசை நடையில் வந்தது. அறைக்குள் வந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றது. பிடரியில் சூடான மூச்சு.

திரும்பத் தைரியம் இல்லை. எதிரே இருட்டிவிட்ட ஜன்னல் கண்ணாடி இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்கு மேலே, கூரையில் இடிக்காமல் குனிந்த ஒரு தலை. வாயோரம் ஈரம். கட்டளைக்குக் காத்திருக்கும் பணிவு.

கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கடைக்கண்ணில் பட்டை ஊர்ந்தது. கண் எரிந்தது. இமைக்கவில்லை. ஊர்ந்தது. நிரம்பியது.

அந்தத் தலை கலைந்தது. பிடரியில் மூச்சு இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. நடைக்கு அந்தப் பக்கமிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அது நின்றிருந்த இடம் இப்போது காலியாக இருந்ததால், அதற்குப் பின்னால் நிற்பவை கண்ணாடியில் தெரிந்தன. அறைக்குள், வாசலில், நடை நெடுக. குனிந்த தலைகள். ஒன்றன் பின் ஒன்றாக, பக்கத்தில் வரச் சொன்னதால் வந்து. அழைக்கும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினோம் என்று யோசித்தாள். நினைவில்லை.

“அக்கா,” தம்பி தன் அறையிலிருந்து ஈனமாகக் கூப்பிட்டான். “யாருக்கா வந்திருக்கா?”

தலைகள் எல்லாம் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பின.