கோபத்தோடயே கை கொடு

கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அவள் மிளகாய்.

அன்று காலையிலிருந்தே மூக்கு சிவப்புதான். போர் தொடங்கியதிலிருந்து ஆலயத்தின் நிலவறையில்தான் ஆராதனை. மேலே ஒரு ஜன்னல் கண்ணாடிகூட மிச்சமில்லை. போர்முனைக்குப் போன அப்பாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

இதில், ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மாவும் மகளும் தப்பி வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டுகள் வருவதும் அந்தப் பக்கமிருந்துதான்.

"ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்றார் போதகர்.

எல்லோரும் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கை கொடுத்தார்கள். மூலைப்பக்கம் மட்டும் ஒரு கையும் நீளவில்லை. மிளகாயும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் தர வேணாம்" என்றாள் அந்தச் சிறுமி. "எங்க வீட்டு மேல விழுந்தது உங்க குண்டு."

"எங்க பள்ளிக்கூடத்து மேல விழுந்தது யாரோடதாம்?"

"வாடி, போயிடலாம்." அவள் அம்மா பையை எடுத்தார். வெளியே எங்கோ டமால் என்றது.

அன்று திருவிருந்துக்கான அப்பத் தட்டைப் பீடத்தில் கொண்டுபோய் வைப்பது மிளகாயின் முறை. தட்டோடு இரண்டு அடி வைத்தாள். நின்றுவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் போதகர்.

"போக முடியல ஐயா. யார் மேலயாவது மனஸ்தாபம்னா, முதல்ல அதைச் சரி பண்ணிட்டுத்தான் இங்க வரணும்னு நீங்கதானே சொன்னீங்க? எரிச்சலா வருது எனக்கு!"

தட்டைத் தையல்கார அத்தையின் மடியில் வைத்தாள். "பிடிங்க!"

விடுவிடுவென்று மூலைக்குப் போனாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"எனக்கும்தான்."

"அப்போ கோபத்தோடயே கை கொடு. வெளியே மட்டும் போகாதீங்க. குண்டு விழுது."

எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு பிடி. "சமாதானம்!" என்று இருவரும் கத்தினார்கள். கேட்டவர்களுக்குத் திட்டுவது போலத்தான் இருந்தது.

"ஐயா, தட்டை நான் கொண்டு வரட்டுமா?" என்றார் அத்தை.

"நீங்க கை கொடுத்தாச்சா அத்தை?" என்று மூலையிலிருந்து கேட்டாள் மிளகாய்.

"இவ வாயை யார் அடைக்கிறது!" தட்டை டிரைவர் மாமாவிடம் தள்ளிவிட்டு அத்தை எழுந்து வந்தார். மாமா அதைத் தபால்காரர் மடியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். தட்டு மடிக்கு மடி தாவியது. மூலையில் வரிசை நீண்டது. அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, வந்த கைகளையெல்லாம் பிடித்தார்.

கடைசியில் தட்டு அந்தச் சிறுமியின் மடிக்கே வந்து சேர்ந்தது.

"நான் கொண்டு போறேன்."

"இன்னிக்கு என் முறை!"

"அப்போ அந்தப் பக்கம் நீ பிடி."

இருவரும் முறைத்துக்கொண்டேதான் போனார்கள். ஒரு துண்டு அப்பம்கூடக் கீழே விழவில்லை.