எல்லாப் பதிவிலும் ஓர் இருமல்

அன்றைய ஃபோன் கூட்டத்தில் இருந்தவர்கள்: ஆய்வை நடத்தும் டாக்டரம்மா, தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போக முடியாமல், தங்கள் வீட்டிலிருந்தே ஊராரிடம் ஃபோனில் நோய் அறிகுறிகளைக் கேட்டுப் பதிவு செய்யும் சில பெண்கள், அவர்களுடைய பதிவுகளைச் சரிபார்த்து வெட்டித்தள்ளும் 'கத்திரி'. அப்புறம், யாரும் கணக்கில் சேர்க்காத ஓர் இருமல்.

"ஒருத்தரோட பதிவுல எல்லா வீட்லயும் ஒரே ஆள் இருமுறாரு," என்றான் கத்திரி. "தன் வீட்டு ஆளையே பதில் சொல்ல வச்சிருக்காங்க. மொத்தமா நீக்கப்போறேன்."

அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் காது சுட்டது.

"அது எங்கப்பா சார். இருக்கிறது ஒரே ரூம், நடுவுல ஒரு போர்வை. வேணும்னா அவர் இருமலையும் சேர்த்து நீக்கிடுங்க... புண்ணியமாப் போகும்!"

யாரோ சிரித்தார்கள். கத்திரி சிரிக்கவில்லை.

மாலையில் அவனே அழைத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"உங்க பதிவையெல்லாம் முதல்லேர்ந்து திரும்பக் கேட்டேன். ஆரம்பத்துல வெறும் இருமல். இப்ப நடுவுல மூச்சு இழுக்குது... நீங்க ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விய அவர்கிட்ட கேட்டீங்களா?"

"ஏமாத்துக்காரின்னு சொன்ன வாயால வைத்தியம் பாக்காதீங்க."

ஃபோனை வைத்துவிட்டாள். கேட்கவில்லைதான். கேட்டால் பதில் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவில்லை. அப்பாவும் போகமாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார்.

போர்வையை விலக்கினாள்.

"ஐயா, பேச நேரம் இருக்குங்களா?"

அப்பா சிரித்தார். "கேளும்மா..."

"ஒரே மூச்சுல ஒரு வரி பேச முடியுதுங்களா?"

"அதெல்லாம் நல்லா..." என்று தொடங்கினார். அந்த வரி முடியவேயில்லை.

ரோஷத்தை விழுங்கிவிட்டு அவனை அழைத்தாள். ஆம்புலன்ஸ் கிடைக்காத நாள்கள் அவை. களப்பணி நின்றுபோனதால் சும்மா கிடந்த ஆய்வு வேனை அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்... மழை வழியும் புருவங்களுக்குக் கீழே, தூங்காத கண்கள். இத்தனை மாதம் குரலாக இருந்தவன் இவன்தானா?

"கத்திரி...?"

"என் பேரு அதா?"

"முதுகுக்குப் பின்னாடி."

அப்பாவை இருவருமாகத் தூக்கினார்கள். வழியெல்லாம் வைப்பரும் அப்பாவின் மூச்சும் மாறி மாறிக் கேட்டன.

சிகிச்சைப் பிரிவு வாசலில் அப்பாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"கூட ஒருத்தர்தான். உள்ள போனா, அவர் வர்ற வரைக்கும் நீங்களும் வெளிய வர முடியாதும்மா."

"நான் போறேன்."

"ஒரு நிமிஷம்," என்றான் அவன். "பத்துப் பதிவுக்கு ஒண்ணு கேட்டாப் போதும், அதான் என் வேலை. மத்தவங்களோடத அப்படித்தான் கேட்டேன். உங்களோடத மட்டும்... ஒண்ணு விடாம. அதனாலதான் அந்த இருமல் என் காதுல மாட்டுச்சு."

காவலாளி வேறு பக்கம் பார்த்தார்.

"ஏன்?" என்றாள்.

"உங்க குரல் கேக்காம எனக்குப் பொழுது போகல. பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கக் கை போனது. முகத்தைத் தொடக்கூடாது என்று ஊருக்கே சொன்னவள்... கையை இறக்கிக்கொண்டாள்.

"எனக்கும்தான்... திட்டுற குரலா இருந்தாலும். மிச்சத்த அப்பாவோட வெளிய வந்து சொல்றேன். அதுவரைக்கும் எதையும் நீக்காதீங்க."

உள்ளே போனாள். காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.