எதுவும் தொலையவில்லை

தங்கையின் இதயத் துடிப்பு திரையில் நடுநடுவே காணாமல் போய்க்கொண்டிருந்தது. துடிக்கும், துடிக்கும், பிறகு ஒரு துண்டு வெறுமை, மறுபடி ஒன்றும் நடக்காததுபோலத் துடிக்கும். மாடியில் தீவிர சிகிச்சை வார்டில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்; கோளாறெல்லாம் தன் முன்னால், இந்த ஜன்னலில்லாத அடித்தள அறையில் நிற்கும் சர்வரில்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, ஒவ்வொரு வெறுமைக்கும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் வேலை மொத்தமும் அவன் தலையில். நோயாளிகளின் துடிப்பு, அலாரம், தலைமாட்டு அழைப்புப் பெட்டியில் அவர்கள் பேசுவது, நர்ஸ்களின் போன், எல்லாம் சின்னச் சின்னத் தகவல் பாக்கெட்டுகளாக இந்த ஒரே நெட்வொர்க் கார்டு வழியாகத்தான் போயாக வேண்டும். காலையில் ஸ்கேன் படங்கள் வந்து குவியும்போது கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் திணறும். அள்ள முடியாததைக் கீழே போட்டுவிடும். துடிப்பு விடுபட்டால் நர்ஸ் மேஜையில் பொய் அலாரம்.

போன் அடித்தது. "அண்ணே, சும்மா சும்மா கத்துது. தங்கச்சி பெட்டுக்கு ஓடியே என் காலு போச்சு," என்றாள் வார்டு நர்ஸ். "ஏதாவது பண்ணுங்க, புண்ணியமா போகும்."

கேபிளை மாற்றினான். பழைய டிரைவரைப் போட்டுப் பார்த்தான். ம்ஹூம். கடைசியில், பாக்கெட்டுகள் முறைக்குக் காத்திருக்கும் இடத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கினான். விசிறிகளின் இரைச்சல் கனத்தது. சூடேறிய தூசியின் கருகல் வாடை தொண்டைவரை இறங்கியது. பாக்கெட் இழப்பு பூஜ்யம். தங்கையின் கோடு அறுபடாமல் ஓடியது. அப்பாடா என்று சாய்ந்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வார்டுக்குப் போன் போட்டான்.

"இப்ப சரியா இருக்கா?"

பதில் இல்லை. மெல்லிய இரைச்சல் மட்டும்.

"தங்கச்சி எப்படி இருக்கா?"

அதற்கும் இல்லை. பல நிமிடம் காத்திருந்து, போனை வைக்கப் போனபோது நர்ஸின் குரல் வந்தது. "சூப்பர்ண்ணே! சத்தமே இல்ல."

"லைன்ல இருக்கியாம்மா?"

மறுபடி இரைச்சல். பிறகு, நிதானமாக, "அவளா? நிம்மதியா தூங்குறா."

அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு பதிலும் பல நிமிடம் பிந்தி வருகிறது. பாக்கெட் எதுவும் விழவில்லை. எல்லாம் வரிசையில் நிற்கிறது. பேச்சும். துடிப்பும்.

அலாரமும்.

ஓடினான். படிக்கட்டு. கதவு. மருந்து நெடி.

தங்கையின் முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேஜையருகே உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அலாரம் அடிக்கவே இல்லண்ணே! மருந்து குடுக்கப் போனப்பதான் பார்த்தேன். திரையில நல்லாத்தானே ஓடுச்சு! பாருங்க, இப்பவும்..."

மேஜைத் திரையில் தங்கையின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அழகாக. ஒன்றும் விடுபடாமல்.

பாவி, நான்தான், நான்தான் என்று அவன் வாய் முணுமுணுத்தது.

மேஜைமேல் அழைப்பு விளக்கு எரிந்தது. அவள் படுக்கையின் விளக்கு.

"அக்கா..." ஸ்பீக்கரில் தங்கையின் குரல். "மூச்சு முட்டுதுக்கா. அண்ணன் கீழதான் இருக்கு. கூப்பிடுங்களேன்."

துணி அசையவில்லை.

"யாராவது வாங்களேன்..."

"இதோ இருக்கேன்மா," என்றான் ஸ்பீக்கரிடம். "இங்கதான் இருக்கேன்."

திரையில் கோடு தடுமாறியது. வேகமெடுத்தது. "அண்ணா," என்றாள். அண்ணா. அண்ணா.

அலாரம் அலறத் தொடங்கியது. பழக்க தோஷத்தில் நர்ஸ் துள்ளி எழுந்து, படுக்கையை நோக்கி ஓடினாள்.