ஏழாம் படியில் இரண்டு நிமிடம்

2083 ஆம் ஆண்டு சூன் மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை. கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் உள்ள ஏறுநடை நிறுவனத்தில் அன்று காலை வேலைக்குச் சேர்ந்த ஜெசிந்தாவிடம், அவள் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று ஒருவரும் சொல்லவில்லை. அது மறதி அன்று. சொல்வது சட்டப்படி குற்றம்.

சொல்லுக்குப் பதிலாக ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார்கள். "இதமாக ஏற வேண்டும்" என்று அதில் அச்சிட்டிருந்தது. எழுத்தில் தரும் பணிக்குறிப்பு மூன்று சொற்களுக்கு மிகக் கூடாது என்பது விதி. விதி காக்கப்பட்டது, வாக்கியம் காக்கப்படவில்லை. எது ஏற வேண்டும்? யாருக்கு இதமாக? எழுவாய் இல்லாத அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தன் நாற்காலியைத் தானே தேடி அமர்ந்தாள்.

இந்த நிலைக்குக் காரணம் நிறைவுமானி. வேலை வாங்குபவரின் மணிக்கட்டில் கட்டப்படும் மெல்லிய பட்டை அது. தோலின் ஈரத்தையும் குருதியின் ஓட்டத்தையும் அளந்து, அவர் மனம் அந்த நொடியில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைச் சுழியம் முதல் நூறு வரை ஓர் எண்ணாகச் சொல்லும். அதற்கு முன்பெல்லாம் அலுவலகங்களில் ஓயாத வழக்கு. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார் மேலாளர். "நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன்" என்பார் ஊழியர். வாய் பொய் சொல்லும், தோல் சொல்லாது என்று அறிஞர்கள் கண்டார்கள். ஆகவே வாயை மூடினார்கள். ஆணை, பாராட்டு, கண்டனம் மூன்றும் எண்ணைச் சாய்த்துவிடும் என்று கூறி, மூன்றையும் விலக்கினார்கள்; மீறிச் சொன்னால் பட்டையே கேட்டுக் காட்டிக்கொடுக்கும். பொதுவாகப் பேசிக்கொள்ளத் தடையில்லை. "மழை பெய்கிறது" எனலாம். "நன்றாகச் செய்தாய்" எனலாகாது. பேசுவதற்கு மனித இனம் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் பழகியதோ தெரியாது. பேசாதிருக்க ஒன்பதே ஆண்டுகளில் பழகிவிட்டது.

ஏறுநடை நிறுவனம் செய்வது படியேறி: நடக்க இயலாதவர்களை மாடிப்படியில் ஏற்றிச் செல்லும் நாற்காலி. அதை நடத்தும் கணினி நிரலை எழுதுவதே தன் வேலை என்பதை, தன் மேசைமேல் கிடந்த கருவிகளைப் பார்த்து ஜெசிந்தா ஊகித்தாள். ஒவ்வொரு நிரலையும் பிரிவின் தலைவர் நாச்சிமுத்து சோதிப்பார். கூடத்திலுள்ள பதினான்கு படிகளில் நாற்காலி அவரை ஏற்றிச் செல்லும். மேலே சேர்ந்ததும் அவருடைய எண் சுவரில் ஒளிரும். தொண்ணூறு நாள்களுக்குள் அந்த எண் ஒருமுறையேனும் அறுபதைத் தொட வேண்டும்.

அவளுக்கு இது மூன்றாவது நிறுவனம். முன்னைய இரண்டும் தொண்ணூறாம் நாளில் அவளை அனுப்பிவிட்டன. காரணம் கேட்டாள், ஐம்பத்து மூன்று என்றது ஒன்று, நாற்பத்தெட்டு என்றது மற்றொன்று. மூன்றாம் முறையும் தவறினால் பணிப்பதிவேட்டில் 'ஒவ்வாதவர்' என்று முத்திரை விழும். பிறகு எந்த நிறுவனமும் வாயிற்கதவைத் திறக்காது. அதையும்விட ஒன்று அவளை அரித்தது: தனக்கு உண்மையிலேயே இந்த வேலை வராதோ?

முதல் நிரலை நான்கு நாள்களில் முடித்தாள். புறப்படும்போது நாற்காலி குலுங்காது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும், கால் வைக்குமுன் தயங்கும் மனிதரைப்போல் ஒரு கணம் வேகம் குறைத்து, பிறகு ஏறும். நாச்சிமுத்து அமர்ந்தார். ஐம்பத்தாறு வயது, உயரமான உடல், நரைத்த மீசை. நாற்காலி சத்தமில்லாமல் அவரை மேலே சேர்த்தது.

நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணா? எனக்கு முதல் தடவை பத்தொன்பதுடி" என்றாள் பக்கத்து மேசைக் கதீஜா. "அந்த மனுசனுக்கு அன்னிக்குப் பசி போல. சோதனையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்தினேன். அறுபத்தேழு!"

"நிரல்ல என்ன மாத்துனீங்க அக்கா?"

"ஒரு புள்ளிகூட மாத்தலை. யார்கிட்டயும் சொல்லிராதே."

ஜெசிந்தாவும் உணவுக்குப் பின் சோதனை வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு.

வேகத்தைக் குறைத்தாள், முப்பத்தெட்டு. கூட்டினாள், இருபத்தொன்பது. அவர் கைப்பிடியை விரல் வெளுக்க இறுக்கிப் பிடிப்பதைக் கவனித்து, கைப்பிடி மெலிந்திருக்கிறது என்று முடிவு கட்டி, அதற்குப் பஞ்சு வைத்துத் தடிப்பாக்கினாள். நாற்பது. முதலில் எழுதிய நிரலில் நல்லதாக இருந்த ஒவ்வொன்றையும் தன் கையாலேயே பிய்த்தெறிந்துகொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவர் அறைக்கே போனாள்.

"சார், இதம்னா உங்களுக்கு எதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செஞ்சிருதேன்."

நாச்சிமுத்து தம் மணிக்கட்டைக் காட்டினார். "அதையச் சொல்லப்படாதுங்களே அம்மிணி. இது கேட்டுட்டே இருக்குதுங்க." பிறகு சன்னலைப் பார்த்தார். "மழ வர்றாப்புல இருக்குது, பாருங்க."

"வெயில்லா சார் அடிக்கி."

"அப்ப வெயிலுன்னே வெச்சுக்கலாமுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியவரைப்போல் உதட்டை மடித்துக்கொண்டார்.

அறுபத்தொன்றாம் நாள், பன்னிரண்டாம் நிரலில் ஒரு பிழை நேர்ந்தது. அவரைச் சுமந்து ஏறிய நாற்காலி ஏழாம் படியில் நின்றுவிட்டது. மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. பழுது நீக்குபவர் வர அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். ஜெசிந்தா ஓடிவந்து படியில் அவர் பக்கத்தில் நின்றாள்.

"மன்னிச்சிருங்க சார். இந்தா ஆளு வாராங்க."

"ஆளு வரட்டுங்க, மெதுவா வரட்டும். நீங்க எங்கியும் போயிராதீங்க அம்மிணி. இங்கயே நில்லுங்க."

"நிக்கேன் சார். எங்க போவேன், என் நிரல்தான உங்களைக் கட்டிப் போட்டிருக்கு."

"ஏனுங்க, உங்க தூத்துக்குடியில இப்பவும் கருவாடு காயப் போடறாங்களா?"

"போடாம? உங்களுக்கு வேணுமா சார்? நான் வேலையில இருந்தா பொங்கலுக்குக் கொண்டாரேன்."

"வீட்டுக்காரி வாசப்படி ஏத்தமாட்டாளுங்க. கருவாட்டையுஞ் சேத்து, என்னையுஞ் சேத்து."

அவள் கைப்பிடிமேல் கை வைத்திருந்தாள். பேச்சு கருவாட்டிலிருந்து உப்பளத்துக்கும், அங்கிருந்து அவருடைய மகள் வளர்க்கும் பொல்லாத சேவலுக்கும் போயிற்று. அரைமணி கழித்து நாற்காலி மேலே சேர்ந்தபோது, சுவரில் எழுபத்தெட்டு ஒளிர்ந்தது.

கூடமே எழுந்து பார்த்தது. பழுதான நாற்காலிக்கு எழுபத்தெட்டு! ஆனால் நிறுவனத்தின் விதி, பிழையாக நேர்ந்ததற்குக் கணக்கில் இடமில்லை; வேண்டுமென்றே எழுதிய நிரலுக்கே மதிப்பு. ஜெசிந்தா அந்த வாரம் முழுவதும் யோசித்தாள். மற்ற பதினோரு முறையும் இல்லாதது அன்று என்ன இருந்தது? நாற்காலி நடுவில் நின்றது. ஆகவே அவர் வேண்டுவது நிற்றலே. பாதி வழியில் ஓர் ஓய்வு; அதுதான் இதம். எண்ணை மட்டும் பார்க்கப் பழக்கப்பட்டவர் எவரும் வேறு முடிவுக்கு வந்திருக்க இயலாது.

எண்பத்தெட்டாம் நாள், ஏழாம் படியில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு ஏறும் நிரலைச் சோதனைக்கு வைத்தாள். நாற்காலி சரியாக நிற்கிறதா என்று பார்க்கக் குறிப்பேட்டுடன் ஏழாம் படியிலேயே காத்திருந்தாள். நாற்காலி வந்து நின்றது.

"சேவல் எப்படி இருக்கு சார்?"

"நேத்து தபால்காரரக் கொத்திருச்சுங்க."

எண்பத்திரண்டு.

கதீஜா அவளைக் கட்டிக்கொண்டாள். பிற்பகலிலேயே நிரந்தர ஆணை வந்தது. அந்த நிரலைப் பதினோராயிரம் படியேறிகளுக்கும் ஏற்றுமாறு மேலிடம் முடிவு செய்தது. ஜெசிந்தா தூத்துக்குடிக்குப் பேசித் தன் தந்தையிடம் செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, நாச்சிமுத்து அவள் மேசைக்கு எதிரே நின்றிருந்தார். நிறைவுமானியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். அதுவே ஒரு குற்றம்.

"அம்மிணி, அந்த நிக்கற வேலையெல்லாம் வேண்டாமுங்க. எடுத்துருங்க."

"எண்பத்திரண்டு குடுத்தீங்களே சார்!"

"நானெங்கங்க குடுத்தேன்? அது குடுத்துச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு உசரமுன்னா பயமுங்க. இருபத்தெட்டு வயசுல மில்லுல ஏணி சறுக்கி விழுந்தேன். அன்னியிலிருந்து நாலு படி மேல போனாக் காலு எங்கிருக்குதுன்னே தெரியறதில்ல. படியேறிப் பிரிவுக்குத் தலைவன், படிக்குப் பயந்தவன்னு வெளிய சொல்ல முடியுங்களா? அன்னிக்கு நாற்காலி நின்னதுல ஒண்ணுமில்ல. நீங்க பக்கத்துல நின்னீங்க. பயந் தெரியல. அவ்வளவுதானுங்க."

ஜெசிந்தா தன் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"அப்போ நான் எழுதுனதுல எதுதான் சார் நல்லாருந்துச்சு?"

"மொதல்ல ஒண்ணு கொண்டாந்தீங்களே, நாலு நாள்ல. தண்ணியில மெதக்கற மாதிரி போச்சு. அப்பேர்ப்பட்ட நிரல நான் பார்த்ததே இல்லீங்க. மேல போனதும் சொல்லோணுமுன்னுதான் வாயெடுத்தேன்."

இரண்டு வேலைகளை இழந்தபோது அழாத பெண் அப்போது அழுதாள். மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவர் நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் இருவரும் மேலிடக் குழுவின்முன் சென்றார்கள். பதவி போகும் என்று தெரிந்தே நாச்சிமுத்து தம் அச்சத்தை அங்கே சொன்னார். ஏணியைச் சொன்னார், மில்லைச் சொன்னார், நிறுத்தத்தை நீக்கி முதல் நிரலையே ஏற்ற வேண்டும் என்றார். குழுவினர் மூவரும் அமைதியாகக் கேட்டார்கள். அதாவது, அவருடைய வாயைப் பார்க்காமல், சுவரில் ஒளிர்ந்த அவருடைய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தைப் பலர் முன்னிலையில் அவிழ்த்து வைக்கும் மனிதரின் தோல் என்ன எண்ணைக் காட்டுமோ, அதையே அது காட்டிற்று. பன்னிரண்டு.

குழு அன்று மாலையே தீர்ப்பை எழுதியது: "நிறுத்தத்தை நீக்கும் யோசனைக்குப் பிரிவுத் தலைவர் அளித்த மதிப்பு பன்னிரண்டு. நிறுத்தத்துக்கு அளித்த மதிப்பு எண்பத்திரண்டு. நிறுத்தம் நீடிக்கும்." அவருடைய பதவிக்கும் தீங்கில்லை. அவர் சொன்ன எதுவும் எங்கும் பதிவாகவில்லை.

பதினோராயிரம் நாற்காலிகளும், ஏறுபவரின் மணிக்கட்டுக்கு ஆளுக்கொரு நிறைவுமானியுடன், வீடுகளுக்குச் சென்றன. ஆள் நடமாட்டமுள்ள வீடுகளில், நாற்காலியின் அரவம் நின்றதும் அடுப்படியிலிருந்தோ கூடத்திலிருந்தோ யாராவது எட்டிப் பார்த்து, "ஏன் நின்னுட்டீங்க?" என்று படியேறி வந்தார்கள், இரண்டு நிமிடம் பேசினார்கள். அந்த வீடுகளிலிருந்து வந்த எண்கள் மிக உயர்ந்தவை. தனியே வாழ்பவர்களின் வீடுகளிலும் நாற்காலி தவறாமல் நின்றது. அவர்கள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு மேலே போனார்கள். அந்த எண்கள் மிகத் தாழ்ந்தவை. நிறுவனம் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, நிறைவு எய்தியது. நடுப்படி ஓய்வு நெஞ்சுக்கு நல்லது என்று மருத்துவர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள். மின்தூக்கி செய்யும் நிறுவனங்களும் இப்போது இரு தளங்களுக்கிடையே இரண்டு நிமிடம் நிறுத்துகின்றன.

ஜெசிந்தா இன்றும் அங்கேதான் பணியாற்றுகிறாள். சோதனை நாள்களில், தேவை ஒன்றும் இல்லாவிட்டாலும், முதல் படியிலிருந்து பதினான்காம் படிவரை நாற்காலிக்குப் பக்கத்திலேயே நடந்து ஏறுகிறாள். தன்னிடம் புதிதாகச் சேர்ந்த இருவரை, இப்போது தன் மணிக்கட்டிலும் ஏறிவிட்ட பட்டையைக் கழற்றிவிட்டுத் தனியே அழைத்து, எது வேண்டும், எது வேண்டாம், எது நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். பிடிபட்டால் தண்டனை உண்டு.

உங்கள் மணிக்கட்டில் இன்னும் எந்தப் பட்டையும் இல்லை. உங்கள் வாயை எந்தச் சட்டமும் மூடவில்லை. ஆகவே உங்களுக்குச் சாக்கும் இல்லை. உங்களிடம் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து சில நாள்கள் ஆகியிருக்கும். உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தாம் செய்த நல்லதை அவர் அழித்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து அவரிடம் செல்லுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முழு வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர் செய்தது நன்றாக இருந்தால், "நீங்கள் செய்தது நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். தொண்ணூறாம் நாளில் அல்ல, இன்றைக்கே சொல்லுங்கள்.