நான்காம் அறையில் எத்தனை பேர்

வெறுமையாக வரவேண்டிய இடத்தில் ஒன்று என்று வந்திருந்தது.

ராஜஸ்ரீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான்காம் அறை. உள்ளே இருப்பவர்: ஒருவர். பதினோரு நாளாக அந்த அறைக்கு மின்சாரம் கிடையாது. கதவில் போலீஸ் சீல். ஆளை எண்ணும் சென்சாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். கழக்கூட்டத்து அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடிச் சுவரில் மழை வழிந்துகொண்டே இருந்தது, ஏசியின் முனகலுக்கு அடியில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது, பேன்ட்ரியில் யாரோ மறந்துவிட்டுப் போன மீன்குழம்பின் வாடை நடைவழியெங்கும் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

ஈஞ்சக்கல் பக்கம் மீன் வைக்கும் குளிர்கிடங்கு அது. அங்குள்ள அளவீடுகளைப் பார்த்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அவள் கம்பெனியின் ஏஐ ஏஜென்ட். எந்த அளவீடு எதைச் சொல்கிறது என்று அதற்கு விளக்கம் எழுதிவைப்பது ராஜஸ்ரீயின் வேலை. ஆளை எண்ணும் அளவீட்டுக்கு முதலில் நாலு வரி எழுதியிருந்தாள். டீம் லீட் ஹரிஷங்கர் மூன்றை அடித்தான்.

"இவ்வளவு நீளம் எதுக்கு? ஏஜென்டுக்கு மூளை இருக்கு, அதுவே புரிஞ்சுக்கும்."

மிஞ்சியது: 'அறையில் இருப்பவர் எண்ணிக்கையைத் தரும்.'

பதினோரு நாள் முன்பு ஒரு சாயங்காலம் சென்சார் செத்துப்போயிருந்தது. நான்காம் அறையில் யாராவது இருக்கிறார்களா என்று சூப்பர்வைசர் பூதலிங்கம் ஏஜென்டிடம் கேட்டார். பதில் வெறுமையாக வந்தது. வெறுமையைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்ட ஏஜென்ட், யாரும் இல்லை, பூட்டலாம் என்றது. பூட்டினார். உள்ளே, பெட்டி அடுக்குக்குப் பின்னால், நாங்குநேரிக்காரன் பிச்சைக்கனி இருந்தான். மைனஸ் பதினெட்டு டிகிரி.

பூதலிங்கம் ஜெயிலில். மனிதத் தவறு என்று கம்பெனி அறிக்கை விட்டது. மார்ச்சுவரி வாசலில் பிச்சைக்கனியின் மனைவி ஆவுடைத்தாய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள்: "உள்ள ஆள் இருக்கான்னு கேட்டாங்களாமே. இல்லன்னு சொன்னது யாரு?" ராஜஸ்ரீ கும்பலின் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

இன்று தெளிவாக எழுதிவிட்டாள். 'பூஜ்யம் என்றால் சென்சார் பார்த்தது, யாரும் இல்லை. வெறுமை என்றால் சென்சார் பார்க்கவில்லை. பார்க்காததை இல்லை என்று சொல்லாதே. எப்போது பார்த்தது என்பதையும் சொல்.'

ஏஜென்ட் அப்படியே செய்தது. *ஒருவர். இப்போதுதான் பார்க்கப்பட்டது.*

ஹரிஷங்கரைப் போனில் கூப்பிட்டாள்.

"பழைய டேட்டாவா இருக்கும். விளக்கம் தெளிவாயிடுத்தோல்லியோ? அது போரும், ஆத்துக்குப் போ."

வெப்பநிலையைக் கேட்டாள். மின்சாரமில்லாத அறை மைனஸ் பதினெட்டு என்றது. விரல் நுனிகள் மரத்திருந்தன. ஏசியாக இருக்கும்.

கிடங்கின் பகல் காவலாளி மைதீனுக்குப் போன் போட்டாள்.

"சீல் அப்படியேதான் இருக்கு மேடம், உடையல. கரண்டும் இல்லல்லோ. எந்தா விஷயம்?"

"ஒண்ணுமில்லே மைதீனிக்கா. கதவுல காது வச்சுக் கேளுங்கோ."

அவர் நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது. காத்திருந்த நேரத்தில், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத ஓர் அளவீட்டை அவள் கை தானாகத் திரையில் திறந்தது. உள்ளிருந்து கதவைத் திறக்கும் பொத்தான் அன்று பழுதாகியிருந்தது. ஆனால் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் பதிவாகியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த அளவீட்டுக்கு அவள் எழுதிய விளக்கம், 'கதவு சம்பந்தப்பட்ட எண்'. அதைப் பார்க்க ஏஜென்டுக்குக் காரணமே இருக்கவில்லை.

இப்போது இருநூற்றுப் பதின்மூன்று.

"மேடம்." மைதீனின் குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள ஏதோ தட்டுது."

"தள்ளி வந்துடுங்கோ."

"நல்லா கேக்குது மேடம். ஆரோ..."

"மைதீனிக்கா, வெளியில வாங்கோ!"

மழைச் சத்தம் போனில் சட்டென்று நின்றது. கிடங்கின் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்த மழை. நின்றேவிட்டது. அவள் ஜன்னலுக்கு வெளியே மட்டும் பெய்தது.

பிறகு அவர் குரல். நாலு சுவருக்குள்ளிருந்து வருவதுபோல.

"இங்க... வல்லாத்த தணுப்பு மேடம்."

"எங்க நிக்கறேள்?"

பற்கள் கிடுகிடுக்கும் சத்தம். ஒரு ஆளுடையது அல்ல.

திரையில் எண் மாறியது.

*இருவர். இப்போதுதான் பார்க்கப்பட்டது.*

அவள் எழுதிய விளக்கத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இருநூற்றுப் பதினான்கு. போனில் ஒரு தட்டு. பதினைந்து. ஒரு தட்டு. பதினாறு.