எட்டாவது மாற்றம்

அக்கா அழித்துக்கொண்டிருந்தாள். பேக்ஸ்பேஸ் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. முதல் வரி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் பாதி போவதற்குள், முதல் வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்குக் கூட்டம்.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

இணையத்தில் இருக்கும் அந்தக் கோப்பை ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம். ஆளுக்கொரு நிறத்தில் கர்சர். அக்காவுடையது ஊதா. அவள் அழிக்க அழிக்க, எதிரில் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தது பச்சை. பச்சை யாருடையது என்று அந்த லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் எண்பது பேருக்கும் தெரியும்.

பச்சைக்கு உரியவள் செத்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது.

"போடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையிடம் சொன்னாள் அக்கா. "இன்னிக்கு மட்டுமாவது விடு. இது என்னோடது."

பச்சை கர்சர் ஒரு நொடி நின்றது. பிறகு அக்கா எழுதியிருந்த ஒரு வார்த்தையில் விடுபட்ட ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தது.

பதினோரு வருஷமாக அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சந்தேகம் என்றால் அக்காதான். மேனேஜர்கூட "அக்கா, இது எங்கே போச்சு?" என்றுதான் கேட்பார். யாருக்கும் அவள் பெயர் தேவைப்பட்டதில்லை. எந்தப் பட்டன் எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு தடித்த நோட்டில் படம் போட்டு வைத்திருந்தாள்.

பிறகு எல்லாக் கோப்புகளும் இணையத்துக்குப் போயின. அதற்குப் பின் சாஃப்ட்வேர் வாராவாரம் மாறத் தொடங்கியது. திங்களன்று வலப்பக்கம் இருந்த பட்டன் வெள்ளியன்று இடப்பக்கம் இருந்தது. கற்றது கைமண் அளவு என்பார்கள். அக்காவின் கைமண்ணை வாராவாரம் காற்று அடித்துக்கொண்டு போனது.

அப்போதுதான் அந்தப் பச்சைக்கு உரியவள் வந்தாள். இருபத்தாறு வயது. சேர்ந்த முதல் வாரமே "மின்னல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர்க்காரர்கள் அனுப்பும் அறிவிப்புகளை எல்லாருக்கும் முன்னால் படிப்பாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே படிப்பாள். ஒவ்வொரு திங்களும் 'இந்த வார மாற்றங்கள்' என்று ஒரு பக்கம் எழுதி எண்பது பேருக்கும் அனுப்புவாள். லிஃப்ட் குழிக்குள் நிற்கும் மெக்கானிக்குகள்கூடக் கைப்பேசியில் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

அக்காவின் நோட்டை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

மின்னல் அதை ஒருநாள் புரட்டிப் பார்த்தாள். "எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கீங்கக்கா! பத்திரமா வைங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அப்படிப்பட்ட மின்னலே ஒரு மாற்றத்தில் கோட்டை விட்டாள். ஒரே ஒன்று. ஆறு வாரத்துக்கு முந்தைய திங்களன்று, வீடியோ கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகு, திரையை மூடாமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். மேனேஜர் போட்டிக் கம்பெனியில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார், அந்தக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்ததே நான்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கூட்டப் பேச்சைத் தானாக எழுத்தாக்கி அனுப்பும் பதிவு, கூட்டம் முடிந்ததும் நின்றிருக்கும் என்று நம்பினாள். நிற்கவில்லை. அவள் பேசியது அத்தனையும் எழுத்தாகி, முதலாளி உட்பட எண்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் கத்திய கத்தலில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. "அப்படி ஒரு அறிவிப்பே வரல சார்" என்று அழுதாள் மின்னல். ஒருவரும் நம்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் பஸ் வருவதைப் பார்க்கவில்லை.

அந்த எழுத்தில் தன்னைப் பற்றி இருந்த ஒரே வரியை அக்கா இன்னமும் மறக்கவில்லை.

'பாவம்மா அந்த அக்கா.'

அடுத்த திங்கள் காலை, 'இந்த வார மாற்றங்கள்' கோப்பு தானாக நிரம்பியிருந்தது. ஏழு வரி. அதே கிண்டல், அதே தெளிவு. பக்கத்து மேஜையில் யாரும் இல்லை. ஆனால் ஸ்பேஸ்பாரை மின்னல் ஓங்கித் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

டக்.

டக்.

ஆரஞ்சுத் தோல் வாசனை.

அக்காவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஆனால் பயம் மூன்று நாள்தான் தாங்கியது. நாலாம் நாள் அந்த ஏழு வரியையும் தன் பெயரில் அனுப்பினாள். ஐந்து திங்கள் அப்படியே ஓடியது. எல்லாரும் பாராட்டினார்கள். எப்படிப் பாராட்டினார்கள் என்பதில்தான் முள் இருந்தது.

"சூப்பர்க்கா! அச்சு அசல் மின்னல் எழுதின மாதிரியே இருக்கு."

செத்தவள் மேல் பொறாமைப்பட முடியுமா? அக்காவால் முடிந்தது. உயிரோடு இருந்தபோதாவது மின்னலுக்குத் தலைவலி வரும், லீவு போடுவாள். இப்போது அதுவும் இல்லை.

இன்று பன்னிரண்டு மணிக்குப் பயிற்சிப் பிரிவின் தலைமையை அறிவிக்கப் போகிறார்கள். பதினோரு வருஷம் காத்திருந்த நாற்காலி. அதில் சொந்தக் காலில் நடந்துபோய் உட்கார வேண்டும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். அதனால்தான் இந்த அழிப்பு.

"அக்கா..."

துள்ளி விழுந்தாள். ஐடி பார்க்கிறவர் நின்றிருந்தார். ராத்திரி தூங்காத முகம்.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது. மின்னலோட கணக்கை நான் மூணு தடவை மூடிட்டேன். திங்கக்கிழமை ஆனா திறந்துக்குது."

"சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும்."

"நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கிறேன். எது வந்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு ஊருக்கே சொல்றவன் நான். அவளை ஏற்கெனவே ஆஃப் பண்ணியாச்சேக்கா... இதுக்கு மேல என்ன பண்றது?"

"மூடாதே. அழிச்சிடு. அடியோட."

"அவ எழுதினதெல்லாம் யார் பேர்ல..."

"என் பேர்ல போடு."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தன் மடிக்கணினியை அவள் மேஜையிலேயே வைத்துத் தட்டினார். 'நிரந்தரமாக நீக்கவா? இதைத் திரும்பப் பெற முடியாது' என்று கேட்டது. ஆம் என்றார்.

பச்சை கர்சர் பாதி வார்த்தையில் காணாமல் போனது.

பக்கத்து நாற்காலி லேசாகச் சுழன்று நின்றது. ஏசி காற்றாக இருக்கலாம்.

அக்காவுக்கு வருஷக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த மூக்கு திறந்த மாதிரி இருந்தது. ஏழு வரியையும் தன் நடையில் எழுதினாள். எட்டு நிமிஷம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டாள்.

கூட்ட அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். சுவர்த் திரையில் வெளியூர் மெக்கானிக்குகளின் முகங்கள்; ஒருவர் தலையில் விளக்கோடு லிஃப்ட் குழிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கண்ணாடியில் அடித்தது. பட்டப்பகல்.

மேனேஜர் நீட்டி முழக்கவில்லை. "இன்னையிலேர்ந்து பயிற்சிப் பிரிவு அக்கா பொறுப்பு. அவ்வளவுதான்" என்றார்.

கை தட்டினார்கள். அக்காவின் கண் நிறைந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

தன் ஏழு வரியைப் பெரிய திரையில் போட்டாள்.

'3. பகிர்வுப் பட்டனின் இருப்பிடம் மேம்படுத்தப்பட்ட வடிவமைப்பிற்கிணங்க மாற்றியமைக்கப்பட்டுள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அறை அமைதியாகப் படித்தது. குழிக்குள் இருந்த மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன வாரம்லாம் படிச்ச உடனே பளிச்சுனு புரிஞ்சது. இந்த வாரம் கோர்ட் நோட்டீஸ் வந்த மாதிரி வயித்தைக் கலக்குது."

சிரிப்பு. மேனேஜரும் சிரித்தார். அக்காவும் சிரித்து வைத்தாள்.

சிரிப்பு ஒரு மூலையிலிருந்து நின்றுகொண்டே வந்தது.

திரையில் மூன்றாவது வரி தானாகக் கரைந்துகொண்டிருந்தது. எழுத்தெழுத்தாக. அந்த இடத்தில் புதிய வரி நடந்து வந்தது.

'3. பகிர்வுப் பட்டன் இடப்பக்கம் குடிபோய்விட்டது. தேடாதீர்கள், திட்டாதீர்கள். அதுவும் இங்கே புதுசு.'

பச்சை.

"யாரு எழுதுறது?" என்று கேட்டார் மேனேஜர்.

எல்லாருடைய கைகளும் மேஜைமேல் இருந்தன.

ஐடிக்காரர் மடிக்கணினியைப் பார்த்தார். நிமிர்ந்தார். "அப்படி ஒரு கணக்கே இல்ல சார். நான்தான் அழிச்சேன். அரை மணி நேரம் முன்னாடி."

ஆரஞ்சுத் தோல் வாசனை அறைக்குள் மெல்லப் பரவியது. ஜன்னல்கள் திறக்க முடியாதவை.

ஒருவர் வாய்க்குள் சொன்னார். "மின்னல்..."

அந்தப் பெயரை அவர் சொன்ன விதம் அக்காவின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. அதில் பயம் பாதிதான். மீதி ஆசை.

பச்சை கர்சர் ஏழாவது வரியைத் தாண்டி இறங்கியது.

'8. கூட்டம் முடிந்து எல்லாரும் போனாலும் பதிவு நிற்காது. கடைசி ஆள் வெளியேறும்வரை உங்கள் பேச்சு எழுத்தாகிக்கொண்டே இருக்கும். எழுத்து எல்லாருக்கும் போகும். போன் பேசுகிறவர்கள் கவனம்.'

அதன் கீழே ஓர் எண் விழுந்தது. ஆறு இலக்கம்.

"அறிவிப்பு எண்" என்றார் ஐடிக்காரர். தேடினார். தேடத் தேட அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"சார்... அறிவிப்பு வந்திருக்கு. அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. யாரோ திறந்து படிச்சிட்டுக் குப்பையில போட்டிருக்காங்க."

"யாரு?"

"தெரியாது சார். அறிவிப்பு வர்ற மெயில் பெட்டி பொதுவானது. மின்னலுக்கும் அக்காவுக்கும் ஒரே பாஸ்வேர்டு. எந்த ஆள் திறந்தாங்கன்னு அதுல பதிவாகாது."

அக்கா உள்ளங்கையை மடியில் துடைத்துக்கொண்டாள். பதிவாகாது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாற்காலி அவளுடையது.

மேனேஜர் எழுந்து திரையின் அருகே போனார். அந்தப் பச்சைக் கோட்டைத் தொடப் போகிறவர் மாதிரி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப அவளேதான் படிச்சிருப்பா. படிச்சிட்டு மறந்திருப்பா, பாவம். நான்தான் அன்னிக்கு..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் அவதானே முதல்ல படிப்பா? இந்த ஆபீஸ்ல அவளை முந்திப் படிக்க வேற யாரு இருந்தா?"

பத்துப் பன்னிரண்டு தலைகளும் ஆமோதித்து ஆடின. குழிக்குள் விளக்கும் ஆடியது.

"யாரும் இல்ல சார்" என்றார் ஐடிக்காரர்.

பச்சை கர்சர் காத்திருந்தது.

அக்காவின் காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், ஒரு பழம் உரிபடும் சத்தம் கேட்டது.

"நான்" என்றாள் அக்கா.

யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் முந்திப் படிச்சேன்! வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலு இருபதுக்கு. அவ அன்னிக்குப் பல் வலின்னு சீக்கிரம் போயிட்டா. அறிவிப்பு வந்ததும் திறந்தேன். ரெண்டு தடவை படிச்சேன். நல்லாப் புரிஞ்சது. யாரும் சொல்லித் தரல, எனக்கே புரிஞ்சது. அவளுக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரிஞ்சிருந்தது. அதான்... அதான் அழிச்சேன்."

ஒரு தலைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

திரையில் '9.' என்று விழுந்திருந்தது. பச்சை கர்சர் அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. மொத்த அறையும், குழிக்குள் இருந்தவர் உட்பட, அது அடுத்து என்ன எழுதப் போகிறது என்று படிக்கக் காத்திருந்தது.