நிழலின் நீளத்துக்கு ஒரு கயிறு

கலோயன் எழுந்தான். அடுப்பில் இரண்டு கட்டைகளைப் போட்டான். முகம் கழுவினான். காபி கொதித்தது, குடித்தான். நேற்றைய ரொட்டியை வெள்ளைச் சீஸோடு நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவி வைத்தான். பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டுக்குப் போனான். மனைவி ரலிட்சா இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

புல்டோசர் அங்கேயே நின்றது. மஞ்சள் போய்த் துருவின் நிறம் வந்துவிட்ட பழைய இரும்பு. மலைக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் கல்குவாரியிலிருந்து போன கோடையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. பல வருஷ மழையில் நின்று எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிஸ்டன்கள் துருப்பிடித்துச் சிலிண்டர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தினமும் சிலிண்டர்களுக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, எஞ்சினைச் சுழற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பற்களில் கடப்பாரையைக் கொடுத்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே தள்ளிப் பார்ப்பான். பிறகு மூடிவிட்டுப் போய்விடுவான். அசைந்தால் தெரியட்டும் என்று ஃப்ளைவீலின் விளிம்பிலும் அதன் கூட்டிலும் ஒரே நேராகச் சாக்பீஸ் கோடு போட்டிருந்தான். அந்தக் கோடு ஒருநாளும் விலகியதில்லை.

இன்று விலகியிருந்தது. இரண்டு விரல் அகலம்.

குனிந்து பார்த்தான். யாரோ அழித்துவிட்டுப் புதிதாகப் போட்ட கோடு அல்ல. அவன் போட்டதுதான், ஓரத்தில் அவன் கட்டைவிரல் பட்டுக் கலைந்த இடம்கூட அப்படியே இருந்தது. சக்கரம்தான் நகர்ந்திருந்தது. கடப்பாரையை மாட்டினான். கால்கள் தரையை விட்டு எழும்பும்வரை அதில் தொங்கினான். அசையவில்லை.

வெளியே குட்டை உறைந்து கிடந்தது. ஷெட்டின் தகரத்தில் உறைபனி மீன் செதில்போலப் படிந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் அடியில், ஆயில் தங்கும் சம்ப்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. போர்வைக்குள் தூங்குகிற ஒருவரின் முதுகைத் தொட்டதுபோல. டீசல் நெடிக்கும் துரு நெடிக்கும் அடியில் இன்னொரு வாசனை, ஆப்பிள் காடியில் அலசிய ரலிட்சாவின் ஈரத் தலைமுடியின் வாசனை, மெல்ல எழுந்து, இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வதற்குள் அடங்கியது.

பயமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அக்டோபரில் அந்தச் சம்ப்பைக் கழற்றி, சேறு மாதிரி கிடந்த பழைய ஆயிலைச் சுரண்டித் திரும்ப மாட்டியது அவனும் ரலிட்சாவும் சேர்ந்துதான். மலைமேல் தனியாக நிற்கும் வீடு அவர்களுடையது. பனி விழுந்தால் பாதை மூடிவிடும். அதைத் தள்ளத்தான் புல்டோசர்.

“பனிக்கு முன்னாடி இது எழுந்திருக்கணும் கலோ,” என்பாள் ரலிட்சா. “இல்லன்னா ஏப்ரல் வரைக்கும் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது.”

சம்ப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். ஆயில் கசியாமலிருக்க அதில் கிராஃபைட் தோய்ந்த கறுப்புக் கயிற்றை வைத்து முடுக்க வேண்டும். அன்று அளவெடுக்க டேப்பைக் காணவில்லை. ரலிட்சா முற்றத்தில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கயிற்றுச் சுருளைக் காலடியில் போட்டாள்.

“டேப் எதுக்கு? நான் இருக்கேன்ல. என் நிழலுக்கு அளந்து வெட்டு.”

அவள் குதிகாலிலிருந்து நிழலின் உச்சந்தலைவரை கயிற்றை இழுத்து அவன் வெட்டினான். பள்ளத்தில் வைத்தபோது ஒரு முனை மறுமுனையைச் சரியாக வந்து தொட்டது. கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை.

இருவருக்கும் தெரியும். அந்த மலைப்பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ரலிட்சாவின் குடும்பமே கொத்தனார் குடும்பம். அந்தக் காலத்தில் ஒரு பாலம் இடியாமல் நிற்க வேண்டுமென்றால், வழியில் போகிற யாராவது ஒருவரின் நிழலை அவருக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலை அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் வைத்து மூடுவார்கள். நிழலுக்குரியவர் நாற்பது நாளைத் தாண்டமாட்டார். பிறகு பாலம் இருக்கும்வரை பாலத்திலேயே இருப்பார்.

“அது கல்லுக்கு. இது இரும்பு,” என்று ரலிட்சா சிரித்தாள். சிரித்தபடியே கடைசி போல்ட்டை முடுக்கினாள்.

முதலில் இருமல். பிறகு காய்ச்சல். பிறகு நகரத்து மருத்துவமனை. நுரையீரல் என்றார்கள். ஒரு சாயங்காலம் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அவனோடு காரிடாரில் நடந்தாள். சுவரில் ஸ்டாண்டின் நிழல் கூடவே வந்தது. அவனுடைய நிழல் வந்தது. மூன்றாவது நிழலை அவன் தேடவில்லை.

கேட்டில் கார் வந்து நின்றது. ரலிட்சாவின் அண்ணன் ஸ்பாஸ் இறங்கி, கேட்டில் ஒரு தாளை ஒட்டினான். கறுப்புக் கரை போட்ட தாள். ரலிட்சாவின் படம், கீழே ‘நாற்பதாம் நாள்’. இறந்த அன்று ஒட்டிய தாளின் மேலேயே ஒட்டினான்.

“கிளம்பு மச்சான், கல்லறைக்கு. அம்மா படைக்கிறதுக்குக் கோதுமை அவிச்சு எடுத்துட்டுக் காலையிலேயே போயாச்சு. பாதிரியாருக்கு வேற ஊர்ல ஞானஸ்நானம் இருக்காம், பறக்குறாரு.”

“நீ போ.”

“போறேன். அதுக்கு முன்னாடி அதக் கழட்டிருவோம்.” காரின் பின்சீட்டிலிருந்து ஸ்பேனர் பையை எடுத்தான்.

“எத?”

“நடிக்காத. சம்ப்ப. கயித்த. நிழல அளந்தத ரலி அம்மாகிட்டச் சொல்லியிருக்கா.” ஸ்பாஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “நான் இதெல்லாம் நம்புற ஆள் இல்ல, உனக்கே தெரியும். ஆனா அம்மா தூங்க மாட்டேங்குறா. ரலி கனவுல வந்து கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாளாம். நாப்பதாம் நாள்தான் ஆவி கிளம்புற நாளாம், பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கயித்த எடுத்துட்டா அவ போயிருவா. கிழவியும் தூங்குவா. உனக்கு ஒரு சம்ப் கழட்டுற வேலை. அவ்வளவுதான?”

“போகணும்னு யார் சொன்னா?”

ஸ்பாஸ் இப்போது அவனைப் பார்த்தான். “என்ன சொன்ன?”

“இங்க இருக்கா. தொட்டுப் பாரு.”

ஸ்பாஸ் சிரிக்கத்தான் நினைத்தான். ஷெட்டுக்குள் போய்ச் சம்ப்பின்மேல் கை வைத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஷெட்டுக்குள் தகரத்திலிருந்து ஒரு சொட்டு உருகி விழும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. அந்த அமைதியின் நடுவில், இரும்புக்குள்ளே எங்கோ ஆழத்தில், ‘டிக்’ என்று ஒரு சத்தம். சாக்பீஸ் கோடு இன்னும் ஒரு பல் நகர்ந்தது. இருவரும் பார்த்தார்கள்.

ஸ்பாஸ் மூன்று விரலைச் சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். குரல் தாழ்ந்துவிட்டது.

“மச்சான். இது என் தங்கச்சி. தோணுறப்ப போட்டுக் கேக்குறதுக்கு உன் வீட்டு ரேடியோ இல்ல.”

மல்லாந்து படுத்து எஞ்சினுக்கு அடியில் நுழைந்தான். ஸ்பேனர் போல்ட்டில் உட்காரவில்லை. இன்னொன்றை எடுத்தான். அதுவும் உட்காரவில்லை. திட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

“சின்னதக் கொண்டாந்துட்டேன். த்தூ. உன்கிட்ட இல்லையா?”

“இல்ல.”

“பொய் சொல்ற.” ஸ்பாஸ் அழுதுவிடுவான்போல இருந்தது. “பாதிரியார் முடிச்சதும் கடையில வாங்கிட்டு வர்றேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அதுவரைக்கும் தொடாத. நீ தொட்டது போதும்.”

கார் இறங்கிப்போனது. சரியான ஸ்பேனர் கலோயனின் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. இருபது போல்ட். மதியத்துக்குள் கழற்றிவிடலாம். கயிற்றை உருவி, ஆற்றில் விட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, தனியாக ஒரு தட்டில் சாப்பிட்டு, அதைக் கழுவி வைத்து. நாளைக்கும். அதற்கு மறுநாளும்.

அவன் ஸ்பேனரைத் தொடவில்லை. ஸ்பாஸ் திரும்பி வருவதற்குள் எஞ்சின் ஓட வேண்டும். ஒருமுறை ஓடிவிட்டால் சூடான ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறும், அவளும் ஏறுவாள். பிறகு எந்தக் கயிற்றை யார் உருவி என்ன.

மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து, முற்றத்தை மூடி, கிணற்றை மூடி, ஷெட்டின் வாசல்வரை வந்து, உள்ளே வரத் தயங்குகிற ஆள்போல நின்றது. கடப்பாரையை மாட்டி மெல்ல அழுத்தினான். ஃப்ளைவீல் சுற்றியது. எடையே இல்லை, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சேர்ந்து தள்ளுவதுபோல. சிலிண்டர்களுக்குள்ளிருந்து காற்று நீளமாக வெளியேறி, நின்று, நீளமாக உள்ளே போனது. அவன் கடப்பாரையை நிறுத்தினான். காற்று நிற்கவில்லை. இன்னும் ஒருமுறை வெளியே. இன்னும் ஒருமுறை உள்ளே.

பெரிய எஞ்சினைச் சுழற்றிவிடுவதற்கு அதன் விலாவில் சின்னப் பெட்ரோல் எஞ்சின் ஒன்று உண்டு. அதை ரலிட்சாவே தனியாகச் சரிசெய்திருந்தாள். அதன் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுற்றி இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்தது. படபடவென்று தகரமெல்லாம் நடுங்கியது. டீசலைத் திறந்தான். கிளட்சைக் கொடுத்தான்.

பெரியது சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு.

இருமியது.

புகைக்குழாயிலிருந்து கறுப்பாய் ஒரு உருண்டை வெளியே வந்தது. மறுபடி இருமல். இரண்டு சின்னது, ஒன்று நீளம். பிறகு இழுப்பு. இரண்டு சின்னது, ஒன்று நீளம். அந்த வரிசை அவனுக்குத் தெரியும். மருத்துவமனையில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது.

பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதின. ஓடுகிறது என்று நினைத்தான். இருக்கிறாள் என்று நினைத்தான். பல நாளுக்குப் பிறகு கண்ணில் நீர் வந்தது.

வேகம் கூடியது.

அவன் கூட்டவில்லை. லீவரைக் குறைத்தான். கூடியது. டீசலை அடியோடு மூடினான். இன்னும் கூடியது. ஊளையாக மாறியது.

இது என்ன என்று அவனுக்குத் தெரியும். கல்லூரியில் படித்ததுதான். சம்ப்பிலிருக்கும் தன் ஆயிலையே மேலே உறிஞ்சி, அதை எரித்து ஓடுகிறது. டீசல் தேவையில்லை. யாரும் தேவையில்லை. தன்னையே தின்று தீர்ந்து, வெடித்துச் சிதறும்வரை ஓடும். நிறுத்த ஒரே ஒரு வழிதான். அது காற்று இழுக்கும் குழாயை அடைக்க வேண்டும்.

மூச்சை அடைக்க வேண்டும்.

சங்கிலிப் பட்டையின்மேல் ஏறினான். பானெட்டுக்கு மேலே குழாய் நிமிர்ந்து நின்றது. சூப் கிண்ணம் அளவு வாய். அதற்குள் இருட்டு. கோட்டைக் கழற்றினான். நின்றான். கீழே ஒரு போல்ட் தெறித்து, தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது.

கோட்டை அழுத்தினான்.

துணி உள்ளே போனது. இறுகியது. ஊளை தாழ்ந்தது. இரு கைகளாலும் அழுத்தினான். முழு எடையையும் போட்டான். எஞ்சின் திணறியது. இரண்டு சின்னது. ஒன்று நீளம். உள்ளங்கைக்குக் கீழே துணி அசைந்தது. காற்று அப்படி அசைக்காது. மேலே ஒரு மடிப்பு. கீழே ஒரு மடிப்பு. திறந்தது. மூடியது. ஈரம். நடுவில் ஒரு வரிசை, சின்னதாய், கெட்டியாய்.

பற்கள்.

கையை எடுத்தால் வெடிக்கும். அழுத்தினால் அவள்.

எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. எஞ்சின் நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. மூடுபனி இப்போது ஷெட்டுக்குள் வந்திருந்தது. கம்பளித் துணிக்கு அடியில் உதடுகள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. காதால் கேட்க வேண்டியதில்லை. உள்ளங்கைக்கே புரிந்தது. முன்பே ஒருமுறை கேட்ட வாக்கியம்தான்.

கடைசி நாளில் மூச்சுக்கு வைத்திருந்த முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரலிட்சா ஏதோ பேசினாள். ‘அம்மாவைப் பார்த்துக்கொள்’ என்றாள் என்று ஸ்பாஸிடம் சொல்லியிருந்தான். மாமியாரிடம் சொல்லியிருந்தான். சொல்லிச் சொல்லி அவனே நம்பியும் இருந்தான். அவள் அதைச் சொல்லவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள்.

“ஆயில் வாய்க்குள்ள வருது, கலோ. சம்ப்பக் கழட்டு. என்னை வெளிய எடு.”